அஞ்சறைப் பெட்டி இடம் மாறினால் இவ்வளவு கோபமா?

கேள்வி:

எனக்கு வயது 69. தபால் துறையில் 34 வருஷம் வேலை பார்த்து, சப் போஸ்ட்மாஸ்டராக ரிட்டயர் ஆனேன். 'மேடம் அதிர்ந்து பேச மாட்டாங்க' என்று ஸ்டாஃப் எல்லாரும் சொல்வார்கள். கணவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. மயிலாடுதுறை வீட்டைப் பூட்டிவிட்டு இப்போது கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். இங்கே வந்த பிறகு தொட்டதற்கெல்லாம் கோபம் வருகிறது. வேலைக்காரப் பெண் எட்டு மணிக்குப் பதில் பத்து மணிக்கு வந்தால் கோபம். காய்கறியை போனில் ஆர்டர் பண்ணினால் கோபம். போன மாதம் மருமகள் அஞ்சறைப் பெட்டியை மேல் தட்டுக்கு மாற்றிவிட்டாள். அதற்காகக் கத்தி, கையில் இருந்த கரண்டியை விட்டெறிந்துவிட்டேன். பேரன் பயந்துபோய் ரூம் கதவைச் சாத்திக்கொண்டான். அன்று ராத்திரி முழுக்க அழுதேன். 'அம்மா, நீ ரொம்ப ரிஜிட் ஆயிட்டே' என்கிறான் மகன். வயதானால் மூளை இறுகிப் போய்விடும், அதனால்தான் கோபம் வருகிறது என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். உண்மையா? இது மறதி நோயின் ஆரம்பமா? இந்த வயதில் மாற முடியுமா? மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. சர்க்கரைக்கும் பிபிக்கும் மாத்திரை, ஒரு காது கொஞ்சம் மந்தம், ராத்திரி மூன்று தரம் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள அம்மா,

'அவ்வளவுதான்' என்று முடித்திருக்கிறீர்களே, அந்தக் கடைசி வரியில்தான் எனக்குப் பாதி விஷயம் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே வருகிறேன். ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: நான் மருந்து எழுதும் டாக்டர் இல்லை, உளவியலாளர். உடம்பு சம்பந்தமாக நான் சொல்வதையெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

வயதானால் கோபம் வரும் என்று நம் வீடுகளில் சட்டம் மாதிரி பேசுகிறார்கள். ஆய்வுகள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. இளைஞர்கள், நடுவயதுக்காரர்கள், முதியவர்கள் என்று எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தால், மொத்தத்தில் குறைவாகக் கோபப்படுகிறவர்கள் முதியவர்கள்தான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறார். இனி இருக்கும் காலம் கொஞ்சம்தான் என்று மனம் உணரத் தொடங்கியதும், எதற்காக மல்லுக்கு நிற்பது, எதைப் போனால் போகட்டும் என்று விடுவது என்று ஆட்கள் பொறுக்கியெடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள் என்பது அவருடைய விளக்கம்.

ஆக, அறுபத்தாறு வயது வரைக்கும் அதிர்ந்து பேசாத ஒருவருக்குப் புதிதாகக் கோபம் வந்தால் அதை வயதின் கணக்கில் எழுதிவிட்டுப் போக முடியாது. காரணத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். சூசன் சார்ல்ஸ் என்ற இன்னொரு ஆய்வாளர் 2010-இல் முன்வைத்த கருத்து உங்கள் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது. முதியவர்கள் சண்டை வரும் இடத்தைத் தவிர்ப்பதில் கெட்டிக்காரர்கள். அதனால்தான் அமைதியாக இருக்கிறார்கள். தவிர்க்கவே முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டு, உடம்பு ஒருமுறை படபடத்துவிட்டால் இறங்கி வருவதற்கு இளைஞர்களைவிடச் சிரமப்படுகிறார்கள். மயிலாடுதுறையில் பிடிக்காத பேச்சு வந்தால் நீங்கள் எழுந்து கொல்லைப்பக்கம் போயிருப்பீர்கள். கோவையில் அடுக்குமாடி வீடாக இருந்தால் எங்கே போவீர்கள்?

மூளை இறுகுகிறதா என்பது அடுத்த கேள்வி. யூடியூபில் சொன்னவர் எதை மனதில் வைத்துச் சொன்னார் என்பது புரிகிறது. ஆனால் சொன்ன விதம் ஆளைப் பயமுறுத்தும் விதம்.

எங்களிடம் ஒரு பழைய சோதனை இருக்கிறது. விஸ்கான்சின் அட்டைச் சோதனை என்று பெயர், 1948-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. மேஜைமேல் நான்கு அட்டைகள்: ஒரு சிவப்பு முக்கோணம், இரண்டு பச்சை நட்சத்திரம், மூன்று மஞ்சள் சிலுவை, நான்கு நீல வட்டம். உங்கள் கையில் இதே மாதிரி அட்டைகள் கொண்ட ஒரு கட்டைக் கொடுத்து, ஒவ்வொன்றாக எடுத்து இந்த நான்கில் எதனுடன் சேருமோ அதன் கீழே வையுங்கள் என்போம். நிறத்தைப் பார்த்துச் சேர்ப்பதா, வடிவத்தைப் பார்த்தா, எண்ணிக்கையைப் பார்த்தா என்று சொல்ல மாட்டோம். சரி, தவறு என்று மட்டும் சொல்வோம். நிறம்தான் விதி என்று நீங்கள் கண்டுபிடித்து, தொடர்ந்து பத்து அட்டை சரியாக வைத்ததும், சொல்லாமல் கொள்ளாமல் விதி மாறிவிடும். இவ்வளவு நேரம் சரியாக இருந்தது இப்போது தவறு. அந்த இடத்தில் பழைய விதியை விட்டு வேறொன்றை முயன்று பார்க்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைத்தான் பார்க்கிறோம். இந்தத் திறனுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சிந்தனை நெகிழ்வு.

விதி மாறும் அந்த நொடியில் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். சிலர் சிரிப்பார்கள். சிலர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். சிலருக்குக் குரல் உயரும்: 'இப்பதானே சரின்னீங்க?' வெறும் அட்டைதான், நஷ்டம் எதுவும் இல்லை, ஆனாலும் கோபம் வருகிறது. நெகிழ்வுக்கும் கோபத்துக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் குரல்தான்.

வயது ஏற ஏற இந்த மாற்றும் வேலை மெதுவாகிறது என்பது உண்மை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிதான் இதை அதிகம் கவனித்துக்கொள்கிறது. வயதின் தேய்மானம் முதலில் தெரியும் இடங்களில் அதுவும் ஒன்று. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்தால், அந்தப் பகுதிக்குப் போய்வரும் இணைப்புகளுக்கு இரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்கள் பாதிக்கப்பட்டு, வேகம் இன்னும் குறையலாம். ஆனால் சொல்வளம், பொது அறிவு, ஆளை எடைபோடும் பழக்கம் இவையெல்லாம் எழுபதிலும் நன்றாகவே நிற்கின்றன. ஒரே வயதுக்காரர்களில் ஒருவருக்கொருவர் உள்ள வித்தியாசமும் மிக அதிகம். ஒரே ஆள் வேலை பார்க்கும் தபால் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். மணியார்டர் வாங்கிக்கொண்டிருப்பவர் நடுவில் சேமிப்புக் கணக்கு பாஸ்புத்தகத்தை எடுத்தால், ஒரு பேரேட்டை மூடி இன்னொன்றைத் திறக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். வேலை தெரியாமல் இல்லை, மாறுவதற்கு நேரம் தேவைப்படுகிறது. வரிசையில் நிற்பவர்கள் கத்தினால் அந்த நேரம் இன்னும் கூடும். உங்கள் மூளையில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

இனி அஞ்சறைப் பெட்டிக்கு வருவோம். அந்தச் சில நொடிகளைப் பிரித்துப் பார்த்தால்தான் எங்கே கை வைக்கலாம் என்று தெரியும்.

அடுப்பில் எண்ணெய் காய்ந்திருக்கும். கடுகு எடுக்கக் கை தானாகவே போயிருக்கும். பெட்டி எங்கே என்று நீங்கள் யோசித்திருக்கவே மாட்டீர்கள். அங்கே பெட்டி இல்லை. இது முதல் அதிர்ச்சி. எண்ணெய் புகைய ஆரம்பிக்கிறது. கண் தேடுகிறது. இந்தக் கட்டம் வரைக்கும் இருப்பது பதற்றம்தான். இருபத்தைந்து வயதுக்காரருக்கும் இது வரும்.

இதற்குப் பிறகு ஒரு வாக்கியம் உங்கள் மனதில் ஓடியிருக்கும். என்ன வாக்கியம் என்று நீங்கள் எழுதவில்லை. என்னிடம் வருகிறவர்கள் சொல்வதை வைத்து ஊகிக்கிறேன்: 'என்னை ஒரு வார்த்தை கேட்டாளா?' அதற்கு அடுத்தது, 'இந்த வீட்டில் எனக்கு என்ன மதிப்பு?' கரண்டியைப் பறக்கவிட்டது இந்த வாக்கியம்தான். பெட்டி இடம் மாறியதற்கு நூறு காரணம் இருக்கலாம். உங்கள் மனம் ஒன்றே ஒன்றை எடுத்தது, அதுவும் அதிகம் வலிக்கிற ஒன்றை. பிறகு அதை விடவில்லை. 'கீழே ஈரமாகிறது என்று மாற்றியிருப்பாளோ', 'பையன் கைக்கு எட்டுகிறது என்று மாற்றியிருப்பாளோ' என்று வேறொரு காரணத்துக்குத் தாவ, அந்த அட்டைச் சோதனையில் பழைய விதியை விட்டு நகரத் தேவைப்பட்ட அதே திறன்தான் வேண்டும்.

ஒரே நிகழ்ச்சிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் இருக்கலாம் என்று பார்ப்பது, ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கலாம் என்று பார்ப்பது, நிலைமை நம் கைமீறிப் போய்விடவில்லை என்று நம்புவது ஆகிய மூன்றையும் வைத்துத்தான் நெகிழ்வை அளக்கும் கேள்வித்தாள்களில் ஒன்றை 2010-இல் அமெரிக்க உளவியலாளர்கள் தயாரித்தார்கள். மூன்றாவதை அவர்கள் சேர்த்தது எனக்குப் பிடித்தது. நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் குறைந்து போவது பெரும்பாலும் அதுதான். பணம், சாவி, சமையலறை, யார் எப்போது வருவார்கள் என்ற தகவல் எல்லாமே ஒவ்வொன்றாகக் கைமாறிப் போகின்றன. எதுவுமே தன் கையில் இல்லாதவரைப் பார்த்து 'கொஞ்சம் வளைந்து கொடுங்கள்' என்று சொல்வதில் நியாயம் குறைவு.

இந்தத் தொடர்பு இரண்டு பக்கமும் வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நெகிழ்வு குறைந்தால் கோபம் சுலபமாக வருகிறது. கோபம் வந்துவிட்டாலோ நெகிழ்வு இன்னும் குறைகிறது. உச்சத்தில் இருக்கும்போது 'அம்மா, கொஞ்சம் யோசிச்சுப் பாரேன்' என்று மகன் சொன்னால் எதுவும் ஏறாது, எரிச்சல்தான் கூடும். யோசிக்கும் வேலையைப் பிறகுதான் செய்ய முடியும்.

உங்கள் மகன் சொன்ன 'ரிஜிட்' எனக்கு ஒப்புதல் இல்லை. தபால் நிலையத்தில் சாயங்காலம் கணக்கு நேராகாமல் வீட்டுக்குப் போக முடியாது. முத்திரையில் தேதி தவறக் கூடாது, பை கட்டும் நேரம் தவறக் கூடாது. 34 வருஷம் உங்களிடம் எல்லாரும் எதிர்பார்த்த, பாராட்டிய குணம் அது. அதே குணத்தை இப்போது வீட்டில் குறையாகச் சொல்கிறார்கள். தவிர, இந்த மூன்று வருஷத்தில் கணவர், வீடு, ஊர், சொந்த அடுப்பு நான்கும் போயிருக்கின்றன. இத்தனையும் சேர்ந்து போனால் நாற்பது வயதுக்காரருக்கே எரிச்சல் வரும். துக்கம் கோபமாக வெளிவருவது உண்டு. பெண்கள் அழுவார்கள், ஆண்கள் கத்துவார்கள் என்ற கணக்கெல்லாம் இதில் செல்லாது. முதியவர்களுக்கு வரும் மனச்சோர்வில் 'எனக்குச் சோகமாக இருக்கிறது' என்று சொல்லாமல் எரிச்சலும் சிடுசிடுப்பும் மட்டுமே முன்னால் நிற்பதும் உண்டு. பசி, தூக்கம், பிடித்த விஷயங்களில் ஆர்வம் எல்லாம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது அந்தக் கடைசி வரி.

மந்தமான காதைப் பற்றி நான் நிறையச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் யாரும் அதைக் கோபத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. பாதி கேட்ட வாக்கியத்தின் மீதியை மனம் தானாக நிரப்பிக்கொள்கிறது. அடுத்த அறையில் மகனும் மருமகளும் தணிந்த குரலில் பேசுகிறார்கள்; உங்கள் காதில் 'அம்மா', 'எப்பவும்' என்ற இரண்டு சொல் மட்டும் விழுகிறது. அம்மா எப்பவும் இந்த மாத்திரையைத்தானே சாப்பிடுவார் என்றுகூட அவர்கள் பேசியிருக்கலாம். மனம் அப்படி நிரப்பாது, உங்களைக் குறை சொல்கிறார்கள் என்றுதான் நிரப்பும். தவிர, நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது களைப்பான வேலை. மாற்றி யோசிக்க வேண்டிய மூளைக்கு மிச்சம் இருப்பதை அது தின்றுவிடும். கேட்புக் குறைபாட்டைக் கவனிக்காமல் விடுவது மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதும், கவனித்தால் அந்த வாய்ப்பைக் குறைக்க முடியும் என்பதும் லான்செட் இதழ் அமைத்த நிபுணர் குழுவின் 2024 அறிக்கையிலும் இருக்கிறது. வெறும் காதுக்குரும்பியாகக்கூட இருக்கலாம். முதலில் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டி, கேட்கும் திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். கருவி தேவை என்றால் வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறோமே, அதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை.

ராத்திரி மூன்று தரம் எழுந்திருப்பதை வயதுக்கு இயல்பு என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் இருக்கலாம், சிறுநீர்த் தொற்று இருக்கலாம், பிபி மாத்திரையில் நீர் பிரியச் செய்யும் வகை ஒன்று இருந்து அதை நீங்கள் சாயங்காலம் சாப்பிடுகிறவராக இருக்கலாம், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் பிரச்சினையாகவும் இருக்கலாம். துண்டு துண்டாகத் தூங்கி எழுந்த மூளையில் முதலில் மங்குவது பொறுமையும் மாற்றி யோசிக்கும் திறனும்தான். தூக்கம் வரவில்லை என்று அல்பிரசோலம் மாதிரி மாத்திரையைத் தெரிந்தவர் சொன்னார் என்று வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். வயதானவர்களுக்கு அது தடுமாற்றத்தையும் விழுவதையும் கொண்டுவரும். சிலருக்குக் கட்டுப்பாடு தளர்ந்து கோபம் அதிகமாவதும் உண்டு.

சர்க்கரையில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். கோபம் வரும் நேரத்தைக் குறித்து வையுங்கள். மதியச் சாப்பாடு தள்ளிப்போகும் நாட்களில் பன்னிரண்டரை, ஒரு மணிக்கு வருகிறதா? கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கத்தோடு எரிச்சலும் அதன் அடையாளம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அந்த நேரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். அடுத்தது, மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையக்கூடும். அது மனநிலையையும் நினைவையும் பாதிக்கும். பி12, தைராய்டு, சோடியம் மூன்றையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மறதி நோயின் ஆரம்பமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை. நடந்ததை வரிசை மாறாமல் எழுதியிருக்கிறீர்கள், பேரன் பயந்ததைக் கவனித்திருக்கிறீர்கள், அதற்காக வருந்தியிருக்கிறீர்கள். முன்மூளையைப் பாதிக்கும் வகை மறதி நோயில் பெரும்பாலும் இந்த வருத்தம்தான் முதலில் காணாமல் போகும். சுற்றியிருப்பவர்கள் கவலைப்படுவார்கள், நோயாளிக்குத் தான் மாறியதே தெரியாது. இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலானவர்களுக்கு இல்லை என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

ஆனாலும் ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தோன்றி ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் குணமாற்றத்தை நாங்கள் பரிசோதிக்காமல் விடுவதில்லை. அரை மணி நேரத்துக்குள் முடியும் சோதனைதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ நரம்பியல் பிரிவிலோ செய்துகொள்ளலாம். சென்னைக்குப் போகிற வாய்ப்பு இருந்தால் கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மையம் 2024-இல் திறக்கப்பட்டிருக்கிறது. பழகிய சமையலில் படிமுறை மறப்பது, தெரிந்த தெருவில் வழி தவறுவது, பணக் கணக்கில் முன்பு செய்யாத தவறுகள், யாரோ பொருளைத் திருடுகிறார்கள் என்ற சந்தேகம், இவற்றில் ஏதாவது கோபத்தோடு சேர்ந்து வந்தால் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு மூன்று நாட்களுக்குள் திடீரென்று ஆளே மாறிப்போய் குழப்பமாகப் பேசினால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இது உங்களுக்கு நேரும் என்பதற்காக இல்லை, வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

மாற முடியுமா? முடியும். அறுபது, எழுபது வயதில் சிந்தனைப் பழக்கத்தை மாற்றும் சிகிச்சைக்கு வந்து பலன் பெற்றவர்கள் நிறைய. ஆனால் கோபத்தை விழுங்கப் பழகுவது அல்ல நான் சொல்வது. முகத்தில் காட்டாமல் உள்ளே வைத்துக்கொண்டால் உள்ளே படபடப்பு அப்படியே இருக்கும். கத்தித் தீர்த்துவிட்டால் மனசு லேசாகும் என்ற நம்பிக்கையும் சரியில்லை. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் வெளியிட்ட கட்டுரையில், கோபத்தைக் கொட்டித் தீர்ப்பது பலன் தரவில்லை, உடம்பின் படபடப்பை இறக்கும் மூச்சுப் பயிற்சி, தியானம், தசைகளைத் தளர்த்துவது போன்றவைதான் பலன் தருகின்றன என்று முடிவுக்கு வந்தார்கள். பிபி உள்ளவர் என்பதால் உங்களுக்கு இது இன்னும் முக்கியம். கடும் கோபத்துக்குப் பிறகான இரண்டு மணி நேரம் மாரடைப்பு அபாயம் கூடுதலாக இருக்கும் நேரம்.

ஆகவே கோபம் ஏறும்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அடுப்பை அணைத்துவிட்டு, 'நான் அப்புறம் பேசறேன்' என்று சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு நகருங்கள். பால்கனியோ மொட்டை மாடியோ எங்கே என்று இப்போதே முடிவுசெய்து வையுங்கள். அங்கே போய் நியாயம் அநியாயம் யோசிக்காதீர்கள், மூச்சை மெதுவாக விடுங்கள், போதும்.

யோசிக்கும் வேலை சாயங்காலம். கணக்கு முடிப்பது உங்களுக்குப் பழகிய வேலைதானே, ஒரு நோட்டுப் போடுங்கள். அன்றைக்குக் கோபம் வந்த ஒரு நிகழ்ச்சியை ஒரு வரியில் எழுதுங்கள். மனதில் முதலில் வந்த காரணத்தை அதன் கீழே அப்படியே, மழுப்பாமல் எழுதுங்கள்: 'என்னை மதிக்கவில்லை.' அதற்குக் கீழே வேறு இரண்டு காரணங்கள் எழுத வேண்டும். அவை நல்ல காரணங்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. நடந்திருக்கக் கூடியவையாக இருந்தால் போதும். 'மறந்திருப்பாள்' ஒரு காரணம். 'சோம்பேறித்தனம்' கூட ஒரு காரணம்தான். உங்களை நல்லவராக்குவது இதன் நோக்கம் இல்லை. ஒரே காரணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் மனம் அடுத்ததற்கு நகரப் பழக வேண்டும், அதற்குத்தான் இந்தப் பயிற்சி. முதல் வாரம் உங்கள் வீட்டு விஷயத்தை எடுக்காதீர்கள். எதிர்வீட்டுக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்தியது, கடைக்காரர் சில்லறை கொடுக்காதது என்று வலிக்காத விஷயங்களில் தொடங்குங்கள். மருமகள் விஷயத்துக்குப் பிறகு வரலாம். அப்போது மூன்றாவது காரணம் எழுதக் கை வராது. அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் எழுதுங்கள்.

எழுதிப் பார்த்த பிறகும் முதல் காரணமே சரி என்று தோன்றும் நாட்களும் இருக்கும். அப்படியானால் அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். நெகிழ்வு என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது இல்லை. அஞ்சறைப் பெட்டி விஷயத்தில் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அமைதியாக இருக்கும் ஒரு நேரம் பார்த்து மருமகளிடம் கேளுங்கள்: 'இந்த ஒரு தட்டு மட்டும் என் பொறுப்பில் இருக்கட்டும்மா. மத்ததெல்லாம் உன் வசதிப்படி வெச்சுக்கோ.' நிச்சயமாகத் தன் கையில் இருக்கிறது என்று ஒரு தட்டு இருந்தால், மற்ற ஐந்து தட்டு மாறும்போது அவ்வளவு வலிக்காது.

மூளைப் பயிற்சிக்கென்று விற்கும் கைபேசி விளையாட்டுகளுக்குப் பணம் கட்ட வேண்டாம். அந்த விளையாட்டில் கெட்டிக்காரி ஆவீர்கள், கோபம் அதனால் குறையும் என்பதற்கு ஆதாரம் போதாது. அதைவிட, நாள்தோறும் அரை மணி நேரம் கொஞ்சம் வேகமாக நடப்பது மாற்றி யோசிக்கும் திறனுக்கு உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. காலில் உணர்ச்சி குறைவாக இருந்தால் நல்ல செருப்போடு, பகலில் நடங்கள்.

பேரனைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்களை எழுத வைத்ததே அதுதான் என்று படுகிறது. அவனிடம் நேராகச் சொல்லுங்கள்: 'அன்னைக்குப் பாட்டி கரண்டியை எறிஞ்சது தப்பு. நீ பயந்துட்டே. உன்மேல கோபம் இல்ல.' அதோடு நிறுத்துங்கள். 'ஆனா உங்கம்மா...' என்று தொடராதீர்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் கோபப்படுவது புதிது இல்லை. அது தன்னால்தான் வந்ததோ என்ற பயம்தான் அவர்களைக் கதவைச் சாத்த வைக்கிறது.

உங்கள் மகன் இதைப் படிப்பார் என்ற நம்பிக்கையில் அவருக்கும் கொஞ்சம். தம்பி, வீட்டில் எதை மாற்றினாலும் முதல் நாளே அம்மாவிடம் சொல்லுங்கள். அனுமதி கேட்க வேண்டும் என்பதில்லை, தகவல் போதும். மாறுவதற்கான நேரத்தை அது கொடுக்கும். வேலைக்காரப் பெண் தாமதமாக வருவேன் என்று உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினால் அதை அம்மாவிடம் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம் உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேசுங்கள். டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது முக்கியமானதைச் சொல்லாதீர்கள். அந்த 'ரிஜிட்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள்.

அம்மா, இதையெல்லாம் ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம். காதுக்கும் சர்க்கரைக்கும் டாக்டரைப் பார்ப்பது முதலில்; நோட்டு அதற்குப் பிறகு. நடுவில் மனசு ரொம்பத் தவித்தால், வாழ்ந்து என்ன என்ற நினைப்பு தலைகாட்டினால், தாமதிக்காமல் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

டாக்டரிடம் போகும்போது மாத்திரைகளின் பெயரைத் தாளில் எழுதி எடுத்துப் போகாதீர்கள், ஒன்றிரண்டு விட்டுப்போகும். ஆங்கில மருந்து, சித்தா, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை என்று எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.